நிசப்தப் பிரியர்

மே மாத மத்தியானத்தில் ஒரு வீட்டில் மின்விசிறி நின்றிருந்தால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, கரண்ட் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்காரர் தன் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வகை வீட்டை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து "உஷ்" என்று வரும். எட்டிப் பார்த்தால், கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் ஐம்பதை நெருங்கும் ஒருவர் மண்டியிட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நிற்கும். அதைத் துடைக்க மாட்டார். துடைத்தால் துணி உரசும் சத்தம் வரும்.

"வாங்க வாங்க, இங்க குனியுங்க. கேக்குதா?"

வந்தவரும் குனிவார். அவருக்கு எல்லாம் கேட்கும். கீழ்வீட்டு கிரைண்டர் கேட்கும். 'பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக்' என்று வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி தெருக்கோடியில் திரும்புவது கேட்கும். சமையலறையில் மூன்றாவது விசில் வந்து, அம்மணி எண்ணுவது கேட்கும்.

"எது சார்?"

"அடியில. இதெல்லாத்துக்கும் அடியில. ர்ர்ர்ர்னு ஒண்ணு."

இந்த இடத்தில் என்ன பதில் சொன்னாலும் தப்ப முடியாது. கேட்கிறது என்றால், "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று மனைவி இருக்கும் திசையில் பெருமையோடு ஒரு பார்வை; பிறகு ஒரு மணி நேரப் பிரசங்கம். கேட்கவில்லை என்றால், "பரவால்ல, முதல்ல யாருக்கும் கேக்காது. பழகணும்" என்று ஒன்றரை மணி நேரப் பிரசங்கம். எப்படியும் ஃபேன் போட மாட்டார்.

பிரசங்கத்தில் விஷயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கில் சத்தம் இரண்டு வகை. தட்டு சும்மா சுற்றுவதால் எழுவது ஒன்று. தகவலைத் தேடி முள் இங்குமங்கும் பாய்வதால் எழும் 'கடகட' மற்றொன்று. முதலாவது இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. இரண்டாவது, வேலை கொடுத்தால்தான். நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க் நொடிக்கு 90 முறை சுற்றுகிறது. ஆகவே அதன் அடிநாதம் 90 ஹெர்ட்ஸ். 7200 சுற்று என்றால் 120 ஹெர்ட்ஸ். இந்த இரண்டு எண்களையும் நம்மவர் பிள்ளைகளின் பிறந்த தேதியைவிட நன்றாக நினைவு வைத்திருக்கிறார். டிஸ்க்கை அறிமுகப்படுத்தும்போது கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டார். "இது தொண்ணூறு, அது நூத்தி இருபது" என்பார். புதிதாக வந்த மருமகன் அதை விலை என்று நினைத்து, "பரவாயில்லையே மாமா, சல்லிசா இருக்கே" என்றதாக ஒரு வீட்டுக் கதை உண்டு.

பழைய டிஸ்க்குகளில் சுழல்தண்டு உலோகக் குண்டுகள் மேல் சுற்றியது. நாளாக ஆக அந்தக் குண்டுகள் தேய்ந்து கீச்சிடும். பிறகு குண்டுகளை எடுத்துவிட்டு, எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழலவிட்டார்கள். அந்த மாற்றத்தை வீட்டுக் கம்ப்யூட்டர்க்காரர்கள் காதால் உணர்ந்தது 2001-ல் வந்த சீகேட் பாரகூடா IV டிஸ்க்கில். அதைப் பற்றி நம்மவர் பேசும் தொனியைக் கேட்க வேண்டும். அந்தக் காலத்துக் கச்சேரிகளைப் பற்றி மயிலாப்பூரில் அப்படிப் பேசுவார்கள். "போட்டு வச்சிட்டு, ஓடுதா இல்லையான்னு கையால தொட்டுப் பாத்தோம் சார்!" கண் கலங்காத குறை. நாற்பது ஜிபி. இன்றைக்கு அதில் இரண்டு கல்யாண வீடியோ வைத்தால் வரவேற்புக்கு இடம் இருக்காது.

உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்க் 1956-ல் ஐபிஎம் செய்தது. இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது. கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்து. சுற்று நிமிஷத்துக்கு 1200தான். அதாவது 20 ஹெர்ட்ஸ், மனிதக் காதின் கீழெல்லை. நம்மவர் கணக்குப்படி பார்த்தால் டிஸ்க் உலகம் சத்தமில்லாமல் தொடங்கிப் பிறகு கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "அதுல ஏர் கம்ப்ரஸர் உண்டு சார்." அதையும் தெரிந்து வைத்திருக்கிறார்!

டிஸ்க் வாங்க இவர் ரிச்சி தெருவுக்குப் போகும் காட்சி தனி. மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால், இரண்டு சக்கர வண்டி நிறுத்திய இடம் போக மிச்சத்தில் ஜனம் நடக்கும் சந்து. ஹாரன், கூவல், ஒரு கடை ஸ்பீக்கரில் ஒரு பாட்டு, எதிர்க்கடை ஸ்பீக்கரில் வேறு பாட்டு. அந்த நடுச்சந்தியில் நின்று கொண்டு நம்மவர் கேட்கிற கேள்வி: "இது ஓடினா சத்தம் எப்படி இருக்கும்?"

கடைக்காரர் காதில் விழவில்லை. மறுபடி, உரக்க: "சத்தம்! சத்தம் எப்படி இருக்கும்?"

"பாட்டு போட்டா கேக்கும் சார்."

"அது இல்லங்க. டிஸ்க்கோட சத்தம்."

கடைக்காரர் இவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை டீபி வேணும் சார்?"

"அது அப்புறம். ஐயாயிரத்து நானூறா, ஏழாயிரத்து இருநூறா?"

"இது ஏழாயிரத்து இருநூறு. நல்லா வேகமா சுத்தும்."

"எனக்கு மெதுவா சுத்தறது வேணும்."

கல்லாவில் இருந்த பெரியவர் இதற்குள் தலையைத் தூக்கிவிட்டார். முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர். வேகம் போதாது என்று திருப்பித் தந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறார். கடைப் பையன் உள்ளே போய் வேறு ஒன்றை எடுத்து வந்தான். நம்மவர் அட்டையில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்து, இதை ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்ட முடியுமா என்றார். பையன் பதில் சொல்லவில்லை, பெரியவர்தான் சொன்னார். "சீல் உடைச்சா உங்களுதுதான் சார். சத்தமே வராம இருக்கணும்னா ஒரு வழி இருக்கு. கனெக்ஷன் குடுக்காம வச்சுக்கோங்க."

மற்றவர்களானால் கோபித்துக்கொண்டிருப்பார்கள். நம்மவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலை ஆரம்பம். டிஸ்க் தனியாகக் கையில் இருக்கும்போது அவ்வளவு சத்தம் போடுவதில்லை. அதைத் தகரக் கேபினெட்டில் நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கியதும்தான் பிரச்னை: தம்பூராவில் தந்தியின் மெல்லிய அதிர்வைக் குடம் வாங்கிப் பெருக்குகிற மாதிரி, டிஸ்க்கின் நடுக்கத்தைக் கேபினெட் வாங்கி அறை முழுக்க விநியோகிக்கிறது. ஆகவே தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் தொடர்பை அறுக்க வேண்டும். இதற்கென்று ரப்பர் வளையங்கள் கிடைக்கும். ஆனால் நம்மவர் ரப்பர் வளையத்தில் நிற்கிற ஆள் இல்லை. டிஸ்க்கைத் தொங்கவிட வேண்டும் என்றார். தையல் சாமான் கடையில் முக்கால் அங்குல எலாஸ்டிக் வாங்கி வந்தார். அது போதாமல், துவைத்து மடித்து வைத்திருந்த தன் பையனின் பைஜாமாவிலிருந்து உருவினார். மறுநாள் காலையில் பையன் ஒரு கையால்தான் பல் தேய்த்தான். இன்னொரு கை பைஜாமாவில்.

எலாஸ்டிக்கில் தொங்கிய டிஸ்க் உண்மையிலேயே அடங்கிவிட்டது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உலோகத்தோடு தொடர்பு அறுந்ததும் சூடு வெளியேற வழியும் அறுந்துபோனது. சென்னைக் கோடையில் டிஸ்க் ஐம்பது டிகிரியைத் தொட்டது. சூட்டைத் தணிக்க ஒரு சின்ன ஃபேன் வைத்தார். ஃபேன் சத்தம் போட்டது. அதை எடுத்துவிட்டு 120 மில்லிமீட்டர் பெரிய ஃபேன் வைத்து, மெதுவாகச் சுற்ற விட்டார். அது அடங்கியதும் பவர் சப்ளையின் ஃபேன் கேட்டது. அதை மாற்றியதும் கிராஃபிக்ஸ் கார்டில் ஏதோ கம்பிச்சுருள் ஊளையிடுவது கேட்டது. சத்தம் ஒழிவதைவிட அடுத்த சத்தம் கிடைப்பதில்தான் இவருக்கு உற்சாகம் என்பது என் நெடுநாள் சந்தேகம். ஒன்று அடங்கிய அன்று மனிதர் சோர்ந்திருப்பார். மறுநாள் புதிதாக ஒன்று காதில் பட்டதும் காபி கூடக் குடிக்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்.

அரசாங்கத்தின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் வரை போகலாம். நம்மவர் டிஸ்க்கின் சத்தம், கம்பெனி அட்டையிலேயே சொன்னபடி, சுமார் 25. பத்து டெசிபெல் குறைந்தால் காதுக்குப் பாதியாகக் கேட்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் சட்டம் பகலில் அனுமதிப்பதில் எட்டில் ஒரு பங்குதான் அந்த டிஸ்க். அவர் வீட்டுச் சீலிங் ஃபேன் அதை எப்போதோ தாண்டிவிட்டது. நம்மவர் அதையும் எப்போதோ தாண்டிவிட்டார். காரணம், போனில் ஸ்பீக்கரைப் போட்டுக் கொண்டுதான் பேசுவார். 'சைலன்ட்டா இருக்கணும், அதான் முக்கியம்!' என்று அவர் மைத்துனரிடம் கத்துவது மாடிப்படி வரைக்கும் கேட்கும். இரவு பத்தரைக்குப் படுத்தபின் அவர் மூக்கிலிருந்து வருவதற்கு எந்த விதியும் இல்லை. அதை அளந்து பார்க்க அவருக்கு இதுவரை தோன்றவில்லை. அம்மணிக்குத் தோன்றி, போனில் பதிந்தும் வைத்திருக்கிறார், தேவைப்படும் நாளுக்காக.

முந்தைய தலைமுறை டிஸ்க்குகளில் ஒரு வசதி இருந்தது. 128 என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் முள் நிதானமாக நகரும், சத்தம் குறையும். 254 என்று கொடுத்தால் வேகமாகப் பாயும், கடகடக்கும். பிற்பாடு வந்த டிஸ்க்குகளில் கம்பெனிகள் அதைக் கைவிட்டுவிட்டன. இந்த இழப்பை நம்மவர் இன்னும் ஆறவிடவில்லை. வேறு சில டிஸ்க்குகள், நாம் சும்மா இருக்கும்போது தாமாக எழுந்து எழுதியதை ஒழுங்குபடுத்தும். நடுராத்திரி இரண்டு மணிக்கு 'டிக்... டிக்கிடி' என்று கேட்டு நம்மவர் எழுந்து போய்ப் பார்ப்பார். அம்மணி திருடன் என்று நினைத்து ஒரு தடவை எழுந்தார். அப்புறம் எழுவதில்லை.

அவருக்கு மிகப் பிடித்த கதை 2020-ல் நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பெரிய டிஸ்க்குகள் சிலவற்றை '5400 வகுப்பு' என்று விற்றது. வாங்கிய சிலர் மைக் வைத்துச் சத்தத்தைப் பதிந்து, அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மேடு 120-ல் எழுந்து நின்றது. அதாவது தட்டு 7200-ல் சுற்றுகிறது! கேட்டதற்கு, வகுப்பு என்பது செயல்திறனின் வகுப்பு, சுற்றின் எண்ணிக்கை அல்ல என்று கம்பெனி விளக்கம் சொன்னது. இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் நம்மவர் தன் காதைத் தொட்டுக் காட்டுவார். "அட்டை பொய் சொல்லலாம் சார். இது சொல்லாது."

'எஸ்எஸ்டி போட்டுக்கோங்களேன், அதுல சுத்தறதே ஒண்ணும் இல்லையே' என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நானும் சொன்னேன். போட்டிருக்கிறார். விண்டோஸ் அதில்தான் இருக்கிறது. ஆனால் முப்பது வருஷத்துக் கச்சேரி ஒலிப்பதிவுகள், மூன்று தலைமுறைப் படங்கள், யாரும் பார்க்காத கல்யாண வீடியோக்கள் அத்தனையையும் அதில் ஏற்றினால் சீட்டுப் பணம் மொத்தமும் போய்விடும். அதனால் சுற்றுகிற தட்டு வேண்டும். எதற்காகச் சேர்த்தார் என்றால் கச்சேரி கேட்கத்தான். கேட்பதில்லை. ஆலாபனையின் நடுவே வித்வான் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் டிஸ்க் கேட்கிறதாம்.

என்னைக் கேட்டால் கேபினெட்டுக்கு அடியில் பழைய மிதியடி ஒன்றை மடித்துப் போட்டால் பாதி வழக்கு முடிந்துவிடும். நான்கு சின்ன டிஸ்க்குக்குப் பதில் ஒரு பெரிய டிஸ்க் என்றால் முக்கால் வழக்கு. ஆனால் வழக்கு முடிவதை வக்கீல் விரும்புவாரா?

கடைசியில் நம்மவர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். டிஸ்க்கை அமைதியாக்குவதைவிட அப்புறப்படுத்துவது மேல். நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி ஒன்று வாங்கி, இரண்டு பன்னிரண்டு டெராபைட் டிஸ்க்குகளைப் போட்டார். அவ்வளவு பெரிய டிஸ்க்குகள் பெரும்பாலும் 7200தான். மனசைக் கல்லாக்கிக்கொண்டார், எப்படியும் பெட்டி இருக்கப்போவது பரண் மேலே. ஏறி வைத்து, கேபிளைச் சுவரோரமாக இழுத்து, இறங்கினார். அன்று இரவு பரணிலிருந்து 'ம்ம்ம்ம்... ம்ம்ம்ம்' என்று ஏறி இறங்கி ஒன்று வந்தது. இரண்டும் 7200 என்றாலும் அணுப் பிரமாணம் வித்தியாசம் இருக்கும். ஒன்றோடொன்று மோதி விம்மல் எழும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் இருக்கிறது. நம்மவர் ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பழைய 5400 ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். வேகம் வேறு வேறு. விம்மல் போயே போய்விட்டது. அதற்குப் பிறகு கூடத்தில் எதுவும் கேட்கவில்லை. உண்மையாகவே எதுவும் கேட்கவில்லை. நம்மவர் ஒரு வாரம் பிரமை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஃபிளாட் பெரியவர் வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். காலையில் பேரனுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறவர். பரண் இருக்கும் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. கூடத்துக்குப் போகாத அதிர்வு கான்கிரீட் வழியாக அந்தப் பக்கம் போயிருக்கிறது.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க வீட்டுல சுருதிப் பெட்டி ஓடுதே..."

அம்மணி பதறி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நம்மவர் கையைக் காட்டி நிறுத்தினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லா கேக்குதே. பஞ்சமமும் ஷட்ஜமும் சுத்தமா சேர்ந்திருக்கு. யாரு சேத்தது?"

நம்மவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். தொண்ணூறு, நூற்றிருபது. மூன்றுக்கு நான்கு. மந்திர பஞ்சமம், ஆதார ஷட்ஜம். இத்தனை வருஷம் அதன் மேல் காதை வைத்திருந்தும் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் பெரியவர். "பேரன் ஒரு கட்டையில பாடறான். உங்களுது அதைவிட ஒண்ணரை ஸ்வரஸ்தானம் கீழே நிக்குது. கொஞ்சம் ஏத்தி வைக்க முடியுமா?"

"முடியாதே சார்" என்றார் நம்மவர், நிஜமான வருத்தத்தோடு. "சுத்துதான் சுருதி. இதுக்கு மேல பத்தாயிரம் சுத்து டிஸ்க் ஒண்ணு ஒரு காலத்துல வந்தது. தேடிப் புடிச்சுப் போட்டா மூணு கட்டைக்கு வரும். ஆனா அதுக்குப் பஞ்சமம் வேணும்னா ஏழாயிரத்து ஐநூறு சுத்து டிஸ்க் வேணும். அதை யாரும் பண்றதில்ல."

பெரியவர் சுவரில் காதை வைத்துச் சிறிது நேரம் கேட்டார். "மூணு கட்டை வேண்டாம், புள்ளைக்குத் தொண்டை கட்டிரும். அவனையே கொஞ்சம் இறக்கிப் பாடச் சொல்றேன்."

இப்போது பேரன் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவே எங்கேயோ பாடிக்கொண்டிருக்கிறான். வேலை இல்லாத நேரத்தில் டிஸ்க் தானாக நின்றுவிடும்படி நம்மவர் ஏற்பாடு செய்திருந்தார். அதை மாற்றிவிட்டார். பையன் காலை ஐந்தரைக்குச் சாதகத்துக்கு உட்காருகிறான். டிஸ்க் ஐந்து இருபத்தைந்துக்கே எழுந்துகொள்கிறது.